கப்பல் சாப்பாட்டை முந்தின இரவே பேசி வைக்க வேண்டும்: ஒரு வீகன் பயண அனுபவம்

உல்லாசக் கப்பலில் வீகன் சாப்பாடு, அதாவது விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத சாப்பாடு, கிடைக்குமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். கிடைக்கும், நன்றாகவே கிடைக்கும். ஆனால் பசி வந்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தேடினால் கையில் வருவது சாலட் இலையும் முலாம்பழமும்தான். நாளை இரவு என்ன சாப்பிடப் போகிறோம் என்பதை இன்று இரவே பேசி முடித்துவிட்டால் கப்பலில் ஒரு குறையும் இருக்காது.

நான் சொல்வது மேற்கு மத்தியதரைக் கடல் சுற்று. ஜெனோவாவில் ஏறி, நேப்பிள்ஸ், பலெர்மோ, பார்சிலோனா, மார்செய் என்று ஊர் ஊராகத் தொட்டு மறுபடி ஜெனோவாவில் இறக்கிவிடும் வகை. ஐரோப்பாவில் நம்மவர்கள் அதிகம் போகும் கப்பல் பயணங்களில் இதுவும் ஒன்று. நான், கணவர், மாமியார் மூவரும் போனோம். கணவர் எல்லாம் சாப்பிடுவார். அத்தை சுத்த சைவம். ஆனால் தயிர் இல்லாமல் அவருக்கு ஒரு வேளை ஓடாது. நான் பால், தயிர், நெய், வெண்ணெய், தேன் எதையும் தொடுவதில்லை. பால் பண்ணையில் பிறக்கும் ஆண் கன்றுகள் என்ன ஆகின்றன என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. பயணம் என்பதற்காக அதைத் தள்ளி வைக்கவும் எனக்கு மனமில்லை. ஆக, ஒரே மேசையில் மூன்று விதச் சாப்பாடு.

முதல் வேலை டிக்கெட் எடுக்கும்போதே தொடங்குகிறது. நம் ஊர் ஏஜென்ட்கள் பெரும்பாலும் விமானத்துக்குச் செய்வதுபோல ‘இந்தியன் வெஜ்’ என்று ஒரு குறிப்பைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. கப்பல் சமையலறையில் ‘இந்தியன் வெஜ்’ என்றால் பனீரும் நெய்யும் கிரீமும் சேர்ந்ததுதான். ஐரோப்பியக் கப்பலில் வெறும் ‘வெஜிடேரியன்’ என்றாலோ முட்டையும் சீஸும் கட்டாயம் உண்டு. அதனால் ஏஜென்டை மட்டும் நம்பாமல், புக்கிங் எண்ணைக் குறிப்பிட்டுக் கப்பல் நிறுவனத்துக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அதில் வீகன் என்ற ஒரு சொல்லோடு நிறுத்த வேண்டாம். இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய், நெய், சீஸ், தேன், ஜெலட்டின் இவையெல்லாம் வேண்டாம் என்று வரிசையாக எழுதுங்கள். பதில் வந்தால் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் மாதக்கணக்கில் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று அத்தை கேட்டார். காரணம் எளிது. கப்பலுக்குத் தேவையான மளிகையில் பெரும்பகுதியைப் பயணிகள் ஏறும் துறைமுகத்திலேயே ஏற்றிவிடுகிறார்கள். கடலுக்குள் போனபின் டோஃபு தீர்ந்துவிட்டது, சோயா பால் இல்லை என்றால் ஓடிப்போய் வாங்கி வர அங்கே கடை இல்லை. நாம் வருவது அவர்களுடைய சரக்குப் பட்டியலுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அந்தப் பெட்டிகள் கப்பலில் இருக்கும். பல நிறுவனங்கள் சிறப்பு உணவுக் கோரிக்கைக்கு 30 நாள், 45 நாள் என்று ஒரு கெடு வைத்திருக்கும். கெடு பார்த்து அனுப்புங்கள்.

எந்தக் கப்பல் என்பதும் முக்கியம். ஓஷியானியா என்ற கப்பல் நிறுவனம் 2017-இல் 200-க்கும் மேற்பட்ட தாவர உணவுகளைத் தன் மெனுவில் சேர்த்தது. அப்படிப்பட்ட கப்பலில் நான் இங்கே சொல்லும் பாதித் தொல்லை இருக்காது; ஆனால் கட்டணம் அதிகம். நாங்கள் போனது குடும்பங்கள் நிறையப் போகும் நடுத்தரக் கட்டணக் கப்பல்.

ஏறிய அன்று மதியம் எல்லோரும் பஃபேயிலும் நீச்சல் குளத்திலும் இருப்பார்கள். அந்த நேரத்தில் பெரிய டைனிங் ரூமுக்குப் போய் ஹெட் வெயிட்டரைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நாங்கள் போனபோது எங்கள் மின்னஞ்சல் எதுவும் அவர் பட்டியலில் ஏறியிருக்கவில்லை. அச்செடுத்த தாளைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, தன் குறிப்பேட்டில் எங்கள் மேசை எண்ணுக்கு எதிரே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். இன்னொன்றையும் அங்கேயே கேட்டு வாங்கினோம்: தினமும் ஒரே நேரம், ஒரே மேசை. இஷ்டப்பட்ட நேரத்துக்குப் போகும் வசதியும் உண்டு. ஆனால் அதில் ஒவ்வோர் இரவும் வேறு வெயிட்டர், ஒவ்வோர் இரவும் முதலிலிருந்து விளக்கம். நிலையான மேசை என்றால் மூன்றாம் இரவுக்குள் வெயிட்டருக்கே எல்லாம் மனப்பாடமாகிவிடும்.

முதல் இரவு கொஞ்சம் தடுமாற்றம்தான். காளான் ரிசோட்டோ வந்தது, அரிசியைக் குழைய வேகவைக்கும் இத்தாலியச் சாப்பாடு. சீஸ் போடவில்லை என்று சொன்னார்கள், உண்மைதான். ஆனால் கடைசியில் வெண்ணெய் சேர்த்துக் கிளறுவது ரிசோட்டோவின் முறை, அதை யாரும் சீஸோடு சேர்த்து யோசிக்கவில்லை. வேகவைத்த தண்ணீரும் கோழி ஸ்டாக், அதாவது கோழி எலும்பைக் கொதிக்கவிட்டு எடுத்த சாறு. நான் தட்டை ஒதுக்கி வைத்ததைப் பார்த்து வெயிட்டர் பதறிப் போனார். சரி, பரவாயில்லை, நாளைய மெனுவை இப்போதே காட்டுங்கள் என்று கேட்டேன். கொண்டுவந்தார். இருவருமாக உட்கார்ந்து, எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அன்றிலிருந்து தினமும் சாப்பாடு முடிந்ததும் அடுத்த நாள் மெனு எங்கள் மேசைக்கு வந்துவிடும்.

இது ஏன் பலிக்கிறது என்றால், ஆயிரக்கணக்கானவர்களுக்கான சாஸும் சூப்பும் காலையிலேயே பெரிய பாத்திரங்களில் தயாராகிவிடுகின்றன. இரவு எட்டு மணிக்கு ‘வெண்ணெய் இல்லாமல்’ என்றால் அந்தப் பாத்திரத்திலிருந்து வெண்ணெயைப் பிரித்தெடுக்க முடியாது. முந்தின இரவே சொன்னால் வெண்ணெய் விழுமுன் ஒரு கரண்டி தனியே எடுத்து வைப்பார்கள்.

கப்பல் சமையலறைகளில் இந்தியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். இந்தியச் சமையல் தெரிந்த சமையல்காரர் யாராவது இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். எங்கள் கப்பலில் ஒரு மங்களூர்க்காரர் இருந்தார். மூன்றாம் நாள் வெள்ளைத் தொப்பியோடு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். பருப்பு செய்யட்டுமா, நெய் இல்லாமல் எண்ணெயில் தாளிக்கிறேன் என்றார். கிரீமுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் இருக்குமா என்று கேட்டேன். தாய்லாந்து வகைக் கறிகளுக்காக டின் டின்னாக வைத்திருக்கிறோம், யாரும் கேட்பதில்லை என்று சிரித்தார். மறுநாள் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு போட்டு, இஞ்சி கீறிப்போட்டு, மிளகு தட்டிப்போட்டு ஒரு தேங்காய்ப்பால் குருமா வந்தது. அத்தை தன் பனீரை நகர்த்திவிட்டு என் கிண்ணத்திலிருந்து எடுத்துக்கொண்டார். “தினமும் இதையே பண்ணச் சொல்லேன்மா” என்றார். ரொட்டி மட்டும் கவனம்: நானில் தயிர் இருக்கும். தண்ணீரில் பிசைந்த சப்பாத்தி கேட்டால் போட்டுத் தருவார்கள்.

இனி எண்கள். இது நிறைய உதவிய விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுத் தகவல் விதி, 2011-ஆம் ஆண்டின் 1169-ஆம் எண் ஒழுங்குமுறை, ஒவ்வாமை உண்டாக்கும் 14 பொருள்கள் உணவில் இருந்தால் வாடிக்கையாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. அதனால் பஃபே பலகைகளிலும் மெனுவிலும், கரையில் உள்ள உணவகங்களிலும் உணவுப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எண்களைப் பார்க்கலாம். விதியில் உள்ள வரிசைப்படி 2 இறால், நண்டு வகை, 3 முட்டை, 4 மீன், 7 பால், 14 சிப்பி, கணவாய் வகை. இந்த ஐந்தும் இல்லாத உணவைத் தேடினால் பாதி வேலை முடிந்தது. சில இடங்களில் வரிசையை மாற்றியிருப்பார்கள். எனவே மெனுவின் அடியில் இருக்கும் விளக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இறைச்சி ஸ்டாக், பன்றிக்கொழுப்பு, ஜெலட்டின், தேன் ஆகியவை அந்தப் பதினான்கில் சேராது. அவற்றை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

பார்த்தால் வீகன் போலத் தெரிந்து ஏமாற்றும் உணவுகள் சில உண்டு. மினஸ்ட்ரோனே காய்கறி சூப்பில் பார்மசான் சீஸின் தோலைப் போட்டுக் கொதிக்க விடுவார்கள். ஜெனோவாவின் பெஸ்தோ என்ற பச்சைச் சட்னியில் துளசி இனத்துப் பேசில் இலை தெரியும், சீஸ் தெரியாது. அன்றன்று பிசைந்த பாஸ்தாவில் முட்டை இருக்கலாம். பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். வெஜ் பர்கரை உடையாமல் பிடித்து வைப்பது பெரும்பாலும் முட்டை. உருளைக்கிழங்கு வறுவல் மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரிந்திருக்கும். பால் வேண்டாம் என்றால் லாக்டோஸ் இல்லாத பாலைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதுவும் மாட்டுப் பால்தான். மெனுவில் உள்ள ‘வி’ என்ற எழுத்து சில கப்பல்களில் வெஜிடேரியனையே குறிக்கும்.

வீகன் அல்லாத சைவர்களுக்கும் ஒரு செய்தி. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற அசல் பார்மசான் சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். இதைச் சொன்னதும் அத்தை அந்தத் தூளைத் தட்டிலிருந்து தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் என்னுடையதைவிட அதிகம்.

மெனுவில் ஒன்றுமே தேறாத நாளுக்கு ஒரு மாற்று சொல்கிறேன். காய்ந்த ஸ்பெகட்டியை ஆலிவ் எண்ணெய், பூண்டு, வரமிளகாய் போட்டுப் புரட்டித் தரும் ஆலியோ எ ஒலியோ. எந்த இத்தாலியச் சமையல்காரரும் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

காலைச் சாப்பாடு சுலபம். பஃபே திறந்ததும் போய்விடுவது நல்லது; நேரம் ஆக ஆக ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொன்றில் புகுந்துவிடும். ஓட்ஸ் கஞ்சியைப் பாலில்தான் காய்ச்சி வைப்பார்கள், அதனால் உலர் ஓட்ஸும் வெந்நீரும் கேட்டு வாங்குவேன். சோயா பாலை வெளியே வைக்க மாட்டார்கள், உள்ளே இருக்கும், கேட்டால் வரும். தக்காளிச் சாறில் வெந்த பீன்ஸ், பகெத் ரொட்டி, ஜாம், வேர்க்கடலை வெண்ணெய், பழம் இவற்றிலேயே வயிறு நிறைந்துவிடும். சந்தேகம் வந்தால் பரிமாறுபவரைவிட அடுப்பின் முன் நிற்பவரைக் கேட்பது மேல்.

நம் ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம்? எலெக்ட்ரிக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தீ ஆபத்து என்பதால் கப்பல்களில் அவற்றை அனுமதிப்பதில்லை; ஸ்கேனரில் கண்டுபிடித்து எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் ஏற்ற விடமாட்டார்கள். சீல் போட்ட பாக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் தடை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் எடுத்துப்போகக் கூடாது. புதிய பழங்களில் வாழை, தேங்காய், அன்னாசி, துரியன், பேரீச்சை தவிர மற்றவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பொடி வகைகளுக்குக் கவலையில்லை. நான் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் பாக்கெட் எடுத்துப்போனேன். இட்லிப் பொடியை மேசையில் இருக்கும் ஆலிவ் எண்ணெயில் குழைத்து, சூடான ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வெயிட்டர் ஒரு துளி ருசி பார்த்துவிட்டு, மறுநாள் தானே ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துவந்து வைத்தார்.

கரையில் இறங்கினால் இந்தப் பாதை முழுக்கக் கொண்டைக்கடலை மாவுதான் என் துணை. ஜெனோவா, சிசிலி, தெற்குப் பிரான்ஸ் மூன்றிலும் துறைமுகத் தொழிலாளிகள் வயிறு நிறையச் சாப்பிட்ட மலிவுச் சாப்பாடு கொண்டைக்கடலை மாவில் செய்தது. பாலும் கறியும் வாங்கக் காசில்லாதவர்கள் உண்டாக்கிய சமையல் என்பதால், யாரும் வீகன் என்று பெயர் வைக்காமலே அது வீகனாக இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான பெரிய உணவகங்களைத் தவிர்த்து இதைத் தேடிப் போங்கள்.

ஜெனோவாவில் அதன் பெயர் ஃபரினாத்தா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மாவைக் கரைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டு, மேலே திரளும் நுரையை வழித்துவிட்டு, அகலமான செம்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி விறகு அடுப்பில் வேகவைக்கிறார்கள். விளிம்பு மொறுமொறுப்பு, நடுவில் மெத்தென்று இருக்கும், நம் வீட்டு அடையின் ஓரமும் நடுவும் போல. கப்பல் துறையிலிருந்து பழைய துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். அங்கே சொத்தோரிபா என்ற பழங்காலத்து வளைவு மண்டபத்தின் கீழ் பொரியல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தட்டு அடுப்பிலிருந்து வெளியே வரும் நேரம் கேட்டு நின்று வாங்குங்கள். ஆறினால் ருசி போய்விடும். மேலே மிளகுத்தூள் போடச் சொல்லுங்கள். சீஸ் வைத்ததும் குட்டி மீன் சேர்த்ததும் உண்டு, சாதா கேளுங்கள்.

பலெர்மோவில் அதே மாவைக் கிளறி, பார்ஸ்லி இலை சேர்த்து, மெல்லிய துண்டுகளாக்கிப் பொரித்தால் பனெல்லே. பல்லரோ சந்தையில் எள் தூவிய பன்னுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். பன்னில் ஸ்ட்ருட்டோ, அதாவது பன்றிக்கொழுப்பு, சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. நான் பன் வேண்டாம் என்று சொல்லிப் பனெல்லேயை மட்டும் காகிதத்தில் வாங்கிக்கொண்டேன். விரலில் ஒட்டும் அந்த எண்ணெயும் எலுமிச்சையும் உப்பும்! கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கபோனாத்தாவும் அங்கேதான். வெயிலுக்குப் பாதாம் கிரனீத்தா: பாதாம், சர்க்கரை, தண்ணீர் கலந்து பனித்துருவல் போல உறையவைத்தது. கூடத் தரும் பிரியோஷ் ரொட்டியில் வெண்ணெய், முட்டை உண்டு.

மார்செய்யில் கப்பல் நிற்குமிடம் ஊருக்கு வடக்கே தள்ளி. எல்லோரும் ஷட்டில் பஸ்ஸில் பழைய துறைமுகத்துக்கு ஓடுவார்கள். வடக்கில் லெஸ்டாக் என்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது, ஓவியர் செசான் பலமுறை வரைந்த இடம். அங்கே கடலோரப் பெட்டிக்கடைகளில் பனீஸ் விற்கிறார்கள். கடலை மாவைக் களியாகக் கிண்டி, உருளையாக உறையவிட்டு, வட்டமாக நறுக்கிப் பொரித்தது. உப்புப் போட்டுச் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்று எங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நேப்பிள்ஸில் பிட்ஸா மரினாரா. தக்காளி, பூண்டு, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய், சீஸ் கிடையாது. சீஸை எடுத்துவிடுங்கள் என்று யாரையும் கெஞ்ச வேண்டாம், அதுதான் அதன் அசல் வடிவமே. அந்த ஊர் பிட்ஸா சுடுபவர்களின் கலையை யுனெஸ்கோ 2017-இல் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. பார்சிலோனாவில் தக்காளி தேய்த்த ரொட்டி, சுட்ட கத்தரிக்காயும் குடமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா, உலர்திராட்சையும் பைன் கொட்டையும் போட்ட கீரை. எஸ்கலிவாதா மேல் நெத்திலி வைப்பதுண்டு, சொல்லிவிடுங்கள்.

மொழிக்குக் கொஞ்சம் மனப்பாடம் போதும். இத்தாலியில் ‘சென்சா லாத்தே, சென்சா உவோவா, சென்சா ஃபொர்மாஜ்ஜோ’ என்றால் பால், முட்டை, சீஸ் இல்லாமல். ஸ்பானிய மொழியில் ‘சின் லெச்சே, சின் உவேவோ, சின் கேசோ’. பிரெஞ்சில் பால், சீஸ் இல்லாமல் என்பதற்கு ‘சான் லே, சான் ஃப்ரொமாஜ்’. மூன்று மொழியிலும் எழுதிய அட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் சந்தை இரைச்சலில் காட்ட வசதி. கப்பல் நடத்தும் சுற்றுலாக்களில் மதியச் சாப்பாடு சேர்ந்ததை எடுக்காதீர்கள். அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வெறும் சாலட்டைத்தான் சாப்பிட வேண்டி வரும்.

பயணம் முடியும்போது நிறுவனம் கருத்துப் படிவம் அனுப்பும். உதவிய வெயிட்டர், சமையல்காரர் பெயர்களை அதில் எழுதுங்கள். அவர்களுக்கு அது வேலையில் கணக்கில் வரும். அடுத்து வரும் வீகனுக்கும் வழி பிறக்கும். மங்களூர்க்காரரின் பெயரைக் கணவர் முதல் வரியிலேயே எழுதினார்.

இறங்கும் நாள் காலை எல்லாமே அவசரம். டைனிங் ரூமில் மெனு சுருங்கிவிடும், பஃபேயையும் சீக்கிரம் மூடிவிடுவார்கள், சொல்லி வைத்ததைச் செய்துதர அன்று யாருக்கும் கை ஒழியாது. பெட்டிகளை முந்தின இரவே அறை வாசலில் வைத்துவிட வேண்டியிருப்பதால் பொடியும் பிஸ்கட்டும் கைப்பையில் இருக்கட்டும். ஜெனோவாவில் இறங்குபவர்கள் பிரின்சிப்பே ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ரொட்டிக் கடைகளில் ஃபொக்காச்சா வாங்கிக்கொள்ளலாம். மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, ஆலிவ் எண்ணெய் மட்டும் சேர்ந்த ரொட்டி, உள்ளூர்க்காரர்கள் காலையிலேயே சாப்பிடுவது. வெங்காயம் போட்டது எனக்குப் பிடிக்கும். சீஸ் வைத்ததும் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள்.